கொலுப்படி எல்இடிக்கு எந்த ரெசிஸ்டர்?

நீங்கள் கேட்டது இது. ஐந்து படிக் கொலுவுக்கு நீங்களே விளக்கு அமைக்கிறீர்கள். படிக்கு ஆறு வெள்ளை எல்இடி, 5 மில்லிமீட்டர் அளவு. 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் இருக்கிறது. கரண்ட் போனால் பழைய யுபிஎஸ்ஸில் இருந்து கழற்றிய 12 வோல்ட் பேட்டரிக்கு மாற்றிக்கொள்ள எண்ணம். கடையில் “12 வோல்ட்டுக்கு 1கே போடுங்க” என்றார்கள், அதாவது 1000 ஓம் ரெசிஸ்டர். ஆறு எல்இடியையும் பேரலலாக, அதாவது பிளஸ் கால்கள் எல்லாம் ஒன்றாகவும் மைனஸ் கால்கள் எல்லாம் ஒன்றாகவும் இணைத்துப் பொதுவாக ஒரே ஒரு 1கே போட்டீர்கள், மங்கலாக எரிந்தது. 100 ஓமுக்கு மாற்றினீர்கள். பளிச்சென்று வந்தது, ஆனால் ரெசிஸ்டரில் விரல் வைக்க முடியாத சூடு, இரண்டு நாளில் எல்இடிகள் ஒவ்வொன்றாகப் போயின. ஒரு படியில் நடுவே ஒரு சிவப்பு சேர்த்ததும் வெள்ளை எல்லாம் அணைந்து சிவப்பு மட்டும் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய், வெள்ளை திரும்ப எரிந்தது. ஏன் இப்படி, எந்த ரெசிஸ்டர் போடுவது?

அந்தச் சிவப்பிலிருந்தே தொடங்குகிறேன். மொத்த விஷயமும் அதற்குள் இருக்கிறது.

ஏரியில் கலிங்கு பார்த்திருப்பீர்கள். நீர்மட்டம் கலிங்கின் உயரத்தைத் தொடும்வரை ஒரு சொட்டு வழியாது. தொட்டுத் தாண்டிவிட்டால் ஒரு சாண் ஏறினாலே பெருக்கெடுக்கும். எல்இடியும் அப்படித்தான். சிவப்புக்குக் கலிங்கு உயரம் சுமார் 2 வோல்ட், வெள்ளைக்குச் சுமார் 3.2 வோல்ட். அதற்குக் கீழே கரண்ட் இல்லை என்றே சொல்லலாம். மேலே போனால் கொஞ்சத்துக்கே கொட்டும்: வெள்ளை எல்இடியில் 0.2 வோல்ட் கூடினால் கரண்ட் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். ரெசிஸ்டர், அந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால். வாய்க்கால் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் கலிங்கில் வழியும்.

இப்போது உங்கள் படியைப் பாருங்கள். ஒரே ஏரி, ஒரே வாய்க்கால், 3.2 உயரத்தில் ஆறு கலிங்கு. அதில் 2 உயரத்தில் ஏழாவதாக ஒன்றைத் திறந்தீர்கள். தண்ணீர் முழுக்க அதன் வழியாகவே போனது, மட்டம் 3.2ஐத் தொடவே இல்லை. அதனால் வெள்ளை அணைந்தது. சிவப்பின் கதி என்ன? அடாப்டரின் 12 வோல்ட்டில் சிவப்புக்கு 2 போக மிச்சம் 10 வோல்ட், ரெசிஸ்டர் 100 ஓம், ஆகக் கரண்ட் 100 மில்லி ஆம்பியர். 5 மில்லிமீட்டர் எல்இடி தொடர்ந்து தாங்குவது பொதுவாக 20 மில்லி ஆம்பியர். ஐந்து மடங்கு போனால் கருகத்தான் செய்யும். அது கருகி அறுந்ததும் தாழ்வான கலிங்கு அடைபட்டு, மட்டம் ஏறி, வெள்ளைகள் திரும்ப எரிந்தன.

வெள்ளைகள் ஒவ்வொன்றாகப் போனதற்கும் காரணம் இதேதான், கொஞ்சம் நுணுக்கமாக. ஒரே பாக்கெட்டில் வந்த எல்இடிகளும் ஒரே உயரக் கலிங்குகள் இல்லை. நான் ஒருமுறை ஒரு பாக்கெட்டில் இருந்து பத்து வெள்ளையை எடுத்து ஒவ்வொன்றையும் 1கே வழியாக 12 வோல்ட்டில் எரியவிட்டு, காலுக்குக் கால் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒன்று 2.91, இன்னொன்று 3.08, மற்றவை நடுவில். கண்ணுக்குப் பத்தும் ஒன்றுதான். பேரலலில் போட்டால் அந்த 2.91காரன் தன் பங்குக்கு மேல் இழுப்பான். இழுத்தால் சூடாவான். சூடானால் அவனுடைய வோல்டேஜ் இன்னும் இறங்கும், டிகிரிக்குச் சில மில்லி வோல்ட் வீதம். இறங்கினால் இன்னும் அதிகம் இழுப்பான். கடைசியில் அவன் முதலில் சாவான். உங்கள் 100 ஓம் மொத்தமாக விட்டது 88 மில்லி ஆம்பியர். ஆறு பேர் பகிர்ந்தால் சராசரி 15. ஒருவர் போனால் ஐந்து பேருக்கு 17.6, இருவர் போனால் நான்கு பேருக்கு 22, மூவர் போனால் மிஞ்சியவர்களுக்கு 29. அதனால்தான் முதலாவது போக நேரம் பிடித்தது, பிறகு சரசரவென்று போயின.

ரெசிஸ்டர் சூடானதும் இதே கணக்குதான். அதன் மேல் 8.8 வோல்ட், அதன் வழியே 0.088 ஆம்பியர், பெருக்கினால் 0.77 வாட். கடையில் கேட்காமல் கொடுப்பது கால் வாட் ரெசிஸ்டர், அதாவது 0.25 வாட். மூன்று மடங்குச் சுமை. இன்னும் வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள், உடம்பு பழுப்பேறி நிறக்கோடுகள் மங்கியிருக்கும். அதைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

கடைக்காரர் சொன்னது தப்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 12 வோல்ட்டில் ஒற்றை எல்இடிக்கு 1கே நல்ல தேர்வு. வெள்ளை என்றால் சுமார் 9 மில்லி ஆம்பியர், சிவப்பு என்றால் 10. ஒன்றும் ஆகாது, வருடக்கணக்கில் எரியும். ஒன்றுக்குச் சொன்னதை ஆறுக்குப் பொதுவாக வைத்ததுதான் சிக்கல். ஆளுக்கு 1.5 மில்லி ஆம்பியர் கிடைத்தால் மங்கலாகத்தான் இருக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். சூத்திரம் ஒன்றே ஒன்று: சப்ளை வோல்டேஜில் எல்இடிக்குப் போவதைக் கழியுங்கள், மிச்சத்தை வேண்டிய கரண்ட்டால் வகுங்கள். கரண்ட்டை ஆம்பியரில் எழுத வேண்டும்: 15 மில்லி ஆம்பியர் என்றால் 0.015. எல்இடியின் வோல்டேஜ் நிறத்தைப் பொறுத்தது. சிவப்பு, மஞ்சள் இரண்டும் 2 வோல்ட் பக்கம். நீலம், வெள்ளை இரண்டும் 3 முதல் 3.4. வெள்ளை என்பது உண்மையில் நீலச் சில்லுதான், மேலே மஞ்சள் பாஸ்பர் பூசியிருக்கும், இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரியும். அதனால்தான் இரண்டுக்கும் ஒரே வோல்டேஜ். பச்சையில் மட்டும் கவனம் வேண்டும். பழைய வகை மங்கல் பச்சை 2 வோல்ட் சுமார், இப்போது வரும் பளிச்சென்ற பச்சை 3 வோல்ட்டுக்கு மேல். பச்சை வாங்கினால் நான் செய்த மாதிரி 1கே வைத்து ஒன்றை அளந்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

ரெசிஸ்டரைப் பொதுவில் வைக்கக் கூடாது, அப்படியானால் முப்பது எல்இடிக்கு முப்பது ரெசிஸ்டரா? அப்படியும் செய்யலாம், தவறே இல்லை. ஆனால் சீரியலாகக் கோத்தால் குறைவாகப் போதும். ஒன்றின் குட்டைக்கால் அடுத்ததன் நெட்டைக்காலோடு, ரயில் பெட்டி கோப்பது போல. ஒரே கரண்ட் எல்லார் வழியாகவும் போகிறது, ஆகவே பங்குச் சண்டையே கிடையாது. வோல்டேஜ்கள் மட்டும் கூடும். எத்தனை கோக்கலாம்? வெள்ளை மூன்று கோத்தால் 9.6 வோல்ட், மிச்சம் 2.4. இரண்டு கோத்தால் 6.4, மிச்சம் 5.6. நான்கு கோத்தால் 12.8, எரியவே எரியாது, அல்லது மினுக்கென்று தெரியும்.

மூன்று போடுவதா இரண்டு போடுவதா என்பதுதான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது. பெரும்பாலோர் மூன்று போடச் சொல்வார்கள். 2.4ஐ 0.015ஆல் வகுத்தால் 160, பக்கத்தில் கிடைப்பது 150 ஓம், கரண்ட் 16 மில்லி ஆம்பியர். காகிதத்தில் அழகான கணக்கு. ரெசிஸ்டர் வீணாக்குவதும் குறைவு. சப்ளை அசையாமல் 12இலேயே நின்றால் அதுவே சரி. ஆனால் உங்களுக்குப் பேட்டரியும் இருக்கிறது. பேட்டரி என்றைக்கும் 12 வோல்ட்டில் நிற்காது. சார்ஜரில் இருக்கும்போது 13.8, கழற்றி வைத்தால் 12.7 சுமார், தீரும் நேரத்தில் 11.5 வரை இறங்கும்.

13.8இல் மூன்று வெள்ளைக் கோவையைப் பாருங்கள். எல்இடிகள் தங்கள் 9.6ஐ விட்டு அதிகம் நகராது. கூடிய 1.8 வோல்ட் முழுக்க ரெசிஸ்டர் தலையில் விழும். 2.4 ஆக இருந்த மிச்சம் 4.2 ஆகிறது, கரண்ட் 16இலிருந்து 28. சப்ளை 15 சதவீதம் ஏறியதற்குக் கரண்ட் 75 சதவீதம் ஏறிவிட்டது. இப்போது இரண்டு வெள்ளை, 390 ஓம் என்று போட்டுப் பாருங்கள். 12இல் 14.4 மில்லி ஆம்பியர், 13.8இல் 19, 11.5இல் 13. ஏறினாலும் இறங்கினாலும் எல்லைக்குள் நிற்கிறது. ரெசிஸ்டருக்கு எவ்வளவு மிச்சம் விடுகிறோமோ அவ்வளவு நிதானம் கிடைக்கும். சப்ளையில் மூன்றில் ஒரு பங்காவது ரெசிஸ்டருக்கு விடுவது என் வழக்கம், பேட்டரி என்றால் பாதிக்குப் பக்கத்தில். அந்த வாட் வீண்தான், ஆனால் எல்இடியின் ஆயுளுக்காகக் கொடுக்கும் விலை அது, உங்கள் அளவு வேலையில் மிகச் சின்ன விலை.

பைக்கிலோ காரிலோ எல்இடி போடுகிறவர்களும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். எஞ்சின் ஓடும்போது அங்கே 14 வோல்ட்டைத் தாண்டும்.

உங்கள் அடாப்டரையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். கையில் எடுத்தால் லேசாக இருக்கும் இன்றைய அடாப்டர் 12 என்று எழுதியிருந்தால் 12ஐ ஒட்டியே தரும். உள்ளே இரும்பு டிரான்ஸ்பார்மர் இருக்கும் கனமான பழைய அடாப்டர் 12 என்று எழுதியிருந்தாலும் சுமை குறைவாக இருக்கும்போது 15, 16 கூடக் காட்டும். அப்படியானால் அந்த 16ஐ வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். 2 ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது அடாப்டரால் தர முடிந்த உச்சம், அவ்வளவே. எவ்வளவு போக வேண்டும் என்பதை முடிவு செய்வது ரெசிஸ்டர்.

ஆக என் யோசனை: படிக்கு ஆறு வெள்ளையை மூன்று ஜோடியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் தனியாக ஒரு 470 ஓம், கால் வாட். 390 என்றுதானே கணக்கு வந்தது என்பீர்கள். 390 போட்டாலும் சரி, ஆனால் நானாக இருந்தால் 470தான். 12இல் 12 மில்லி ஆம்பியர், 13.8இல் 16 கூட எட்டாது. வெளிச்சம் கண்ணுக்குக் குறைவாகத் தெரியாது. நம் கண் அப்படி அமைந்தது, கரண்ட்டைப் பாதியாக்கினாலும் பாதி வெளிச்சமாக அதற்குத் தெரிவதில்லை. அதோடு இவை பொம்மை மேல் விழும் விளக்குகள், ஒன்பது நாள் மாலை முழுக்க எரிபவை. குளிர்ச்சியாக ஓடட்டும். ரெசிஸ்டரில் செலவாவது 12இல் 0.07 வாட்டுக்குள், 13.8இல் 0.12க்குள், கால் வாட்டுக்குப் பூ மாதிரி. பொதுவாகக் கணக்கில் வரும் வாட்டைப் போல இரண்டு மடங்கு தாங்கும் ரெசிஸ்டர் வாங்குங்கள், அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

சிவப்பும் வேண்டும் என்றீர்கள் அல்லவா? சிவப்பை மூன்றாகக் கோத்தால் 6 வோல்ட். இரண்டு வெள்ளையின் 6.4க்குக் கிட்டத்தட்ட அதே. ஆக அதற்கும் அதே 470, கரண்ட் 13 சுமார். ஒரே மதிப்பில் ஒரு பாக்கெட் வாங்கினால் எல்லாப் படிக்கும் ஆயிற்று. ஐந்து படிக்குப் பதினைந்து வெள்ளை ஜோடி, மொத்தம் 180 மில்லி ஆம்பியர். அடாப்டரின் பத்தில் ஒரு பங்குதான்.

சீரியலில் நிறங்களைக் கலக்கலாமா என்றால் தாராளமாக. ஒரே கரண்ட் என்பதால் ஒருவரை ஒருவர் அணைப்பதில்லை. இரண்டு வெள்ளையோடு ஒரு சிவப்பு: 8.4 போக மிச்சம் 3.6, 270 ஓம். பேரலலில் பொது ரெசிஸ்டரோடு கலப்பதுதான் கூடாது.

கணக்கில் வரும் எண் கடையில் அப்படியே கிடைக்காது. 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்ற வரிசையும் அவற்றின் பத்து, நூறு மடங்குகளும்தான் எங்கும் கிடைப்பவை. கணக்குக்கு அடுத்த பெரிய எண்ணை எடுங்கள், சின்னதை எடுக்க வேண்டாம். 470க்கு நிறக்கோடு மஞ்சள், ஊதா, பழுப்பு, ஓரத்தில் தங்கம். தங்கத்தை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு இடமிருந்து படியுங்கள்: மஞ்சள் 4, ஊதா 7, பழுப்பு என்றால் ஒரு சுழி. 1கே பழுப்பு, கருப்பு, சிவப்பு. இதில் ஒரு பழக்கம் சொல்கிறேன். 4.7கேயும் மஞ்சள், ஊதாவில்தான் தொடங்கும், மூன்றாவது மட்டும் சிவப்பு. டியூப்லைட் வெளிச்சத்தில் பழுப்பும் சிவப்பும் ஒன்று போலத் தெரியும். நீல உடம்பு ரெசிஸ்டர்களில் ஐந்து கோடு இருக்கும், அதில் இன்னும் குழப்பம். அதனால் சால்டர் வைத்துப் பற்றவைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் வைத்துப் பார்ப்பேன். பதினைந்து ரெசிஸ்டருக்கு மூன்று நிமிடம்.

ரெசிஸ்டர் பிளஸ் பக்கமா மைனஸ் பக்கமா என்பது பலர் கேட்பது. எந்தப் பக்கமானாலும் ஒன்றுதான், நடுவில் போட்டாலும் சரி. எல்இடிக்குத்தான் திசை உண்டு: நெட்டைக்கால் பிளஸ். கால் வெட்டியிருந்தால் விளிம்பைத் தடவிப் பாருங்கள், தட்டையாகச் சீவியிருக்கும் பக்கம் மைனஸ்.

எல்லாம் கோத்தபின் கரண்ட் சரியாகப் போகிறதா என்று பார்க்கக் கம்பியை வெட்டி மீட்டரை நடுவில் சொருக வேண்டியதில்லை. எரிந்துகொண்டிருக்கும்போது ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் டிசி வோல்ட் அளவில் மீட்டரை வையுங்கள். 470 ஓமின் மேல் 5.6 காட்டினால் 5.6ஐ 470ஆல் வகுத்தால் 0.0119, அதாவது 12 மில்லி ஆம்பியர். பேட்டரியைச் சார்ஜரோடு வைத்து இன்னொரு முறை பாருங்கள். ரெசிஸ்டர் மேல் 9 வோல்ட்டைத் தாண்டாதவரை கரண்ட் 20க்குள் இருக்கிறது என்று பொருள்.

இந்தக் கணக்கு பொருந்தாத சில பொருள்களும் கடையில் அதே டப்பாவில் கிடக்கும். தானாக நிறம் மாறும் எல்இடிக்குள்ளே ஒரு குட்டி ஐசி இருக்கிறது. அதைச் சீரியலில் கோத்தால் ஒன்று கரண்ட்டை நிறுத்தும்போது மற்றதும் தடுமாறும், ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் கொடுங்கள். கம்பியோடு வரும் “12 வோல்ட் எல்இடி”யில் ஸ்லீவுக்குள் ரெசிஸ்டர் ஏற்கெனவே இருக்கும், இன்னொன்று போட்டால் மங்கும். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பிலும் அப்படியே. வெட்டும் கோடுகளுக்கு நடுவே மூன்று எல்இடியும் ஒரு குட்டிக் கறுப்புச் சதுரமும் இருந்து, அதில் 151 என்று அச்சிட்டிருந்தால், 15க்குப் பின் ஒரு சுழி, அதாவது 150 ஓம். மேலே நான் போட்ட மூன்று வெள்ளைக் கணக்கேதான் அது. ஆகவே ஸ்ட்ரிப்பைச் சார்ஜரில் உள்ள பேட்டரியோடு நேராக இணைத்து மணிக்கணக்கில் விடாதீர்கள்.

மேல்படிக் கலசத்துக்கு 1 வாட் எல்இடி போட ஆசை என்றால் ரெசிஸ்டரை மறந்துவிடுங்கள். அதற்கு வேண்டியது 350 மில்லி ஆம்பியர். 12 வோல்ட்டில் ஒன்றே ஒன்று போட்டால் ரெசிஸ்டர் மட்டும் 3 வாட் சூடாக்கும், விளக்கைவிட அடுப்பு பெரிதாகிவிடும். கரண்ட்டை ஒரே அளவில் நிறுத்தும் 1 வாட் எல்இடி டிரைவர் கேட்டு வாங்குங்கள், எல்இடியை அலுமினியத் துண்டின் மேல் வையுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீட்டில் கிடக்கும் 230 வோல்ட் சீரியல் செட்டைப் பிரித்து அதன் எல்இடிகளை இதோடு இணைக்கிற எண்ணம் இருந்தால் வேண்டாம். அதில் ஒவ்வொரு எல்இடிக்கும் 3 வோல்ட்தான், ஆனால் அந்தக் கம்பியின் எந்த வெற்று முனையும் தரையோடு பார்த்தால் கொல்லும் வோல்டேஜில் இருக்கலாம். கொலுவைச் சுற்றிக் குழந்தைகள் தவழும், பட்டுத் துணியும் காகிதத் தோரணமும் இருக்கும், நிவேதனத் தண்ணீர் சிந்தும். 12 வோல்ட்டில் செய்கிறீர்கள் என்பதே உங்கள் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதை விட்டுவிடாதீர்கள். பேட்டரியின் பிளஸ்ஸை ஒட்டி 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் போடுங்கள். பேட்டரி முனைகள் தெரியாமல் தொட்டுக்கொண்டால் 12 வோல்ட்டும் கம்பியைப் பழுக்க வைக்கும்.

நிறங்களைச் சமன் செய்வது மட்டும் கணக்கில் வராது. பளிச்சென்ற பச்சை ஒன்றை வாங்கி, சிவப்புக்குக் கொடுத்த அதே கரண்ட்டைக் கொடுத்தால் கண்ணைக் குத்தும். பச்சையை நம் கண் கூடுதலாகவே வாங்கிக்கொள்ளும். அதனால் பச்சை ஜோடிக்கு 1கேயில் தொடங்குங்கள், அதுவும் அதிகம் என்று தோன்றினால் 2.2கே. பகலில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சாயங்காலம் பொம்மைகளை அடுக்கி, ஹால் விளக்கை அணைத்துவிட்டு, வாசல்படியில் நின்று பாருங்கள். எந்தப் படியில் பொம்மையின் முகத்துக்கு முன்னால் எல்இடி கண்ணில் படுகிறதோ அந்தப் படிக்கு ஒரு எண் பெரிய ரெசிஸ்டரைப் போடுங்கள்.